பேப்பர் தேதியில் ஒன்று கழி

மாலை நாலு இருபது.

ஆறு மணிக்கு விளையாட்டுப் பக்கத்தை மூடிவிடுவார்கள். 'இதே நாளில்' பகுதிக்கு ஆறு துணுக்குகள் வேண்டும். ஐந்து முடிந்துவிட்டன. ஒற்றை ஷூ கழன்ற பிறகும் ஓடி முதலாவதாக வந்த பெண். மழையால் நாலு நாள் இழுத்த டென்னிஸ் இறுதி ஆட்டம். தன் அணியின் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டு மயங்கி விழுந்த கால்பந்து வீரர். இப்படி இன்னும் இரண்டு. ஆறாவதை அவள் யோசித்து எழுத வேண்டியதில்லை. பதினொரு வருஷமாக இந்த மாதம் பதினேழாம் தேதி அதே இரண்டு வரிதான் வருகிறது. வருஷக் கணக்கை மட்டும் மாற்றுவாள்.

"ஐம்பது ஆண்டுகளுக்கு முன்: மாகாணத் தடகளப் போட்டியில் 7.31 மீட்டர் நீளம் தாண்டிப் புதிய சாதனை. பத்தொன்பது ஆண்டுகள் இதை யாரும் முறியடிக்கவில்லை."

அதற்குக் கீழே ஒரு பெயர். அவளுடைய அப்பாவின் பெயர்.

ஐம்பது என்பதால் இந்த முறை படமும் உண்டு. அப்பாவை நேரில் வரச் சொல்லியிருந்தாள். ஐந்து மணிக்கு வருவார். காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டாகிவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். நாளை துறைமுக மைதானத்தில் அவருக்குப் பாராட்டு விழா. முப்பத்தேழு வருஷம் அவர் வேலை பார்த்த இடம். விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அந்த ஒரு தாண்டலில் வந்த வேலை. அந்த வேலையில் வந்தது வீடு. அந்த வீட்டிலிருந்து வந்தவள் இவள்.

மேஜை மேல் போன் அடித்தது. கீழ்த்தளத்திலிருந்து பீரோ. பழைய பேப்பர்களையும் படங்களையும் காப்பவர். எதைக் கேட்டாலும் "பீரோவுல இருக்கும்" என்பார். அதனால் அந்தப் பெயர். இவளுக்கு அவர் வைத்த பெயர் காலண்டர்.

"காலண்டரம்மா, உங்கப்பா படத்தத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. பதினேழுல இல்ல."

"இல்லன்னா விடுங்கண்ணே. அவரே வர்றாரு. புதுசா எடுத்துக்கலாம்."

"இல்லன்னு யாரு சொன்னா? பதினாறுல இருக்கு. வந்து பாரு."

அவள் படி இறங்கினாள்.

கீழ்த்தளத்தில் பதினெட்டு இரும்பு பீரோக்கள். ஒரு மேஜை. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று மாடு அசைபோடுவது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பீரோ பழுப்பு உறையை நீட்டினார். உறை மேல் நீல மையில் 'நீளம் தாண்டுதல், இறுதி' என்று இருந்தது. அடியில் தேதி. பதினாறு.

"வெளியூர்ல நடந்த போட்டி. அந்த ஊர்ப் படக்காரன் எடுத்து பஸ்ஸுல குடுத்து அனுப்பியிருக்கான். வந்து சேர ரெண்டு நாள் ஆயிருக்கு. ஊசிப்போன செய்திக்குப் படம் எதுக்குன்னு எவனும் பிரிண்டுகூடப் போட்டுப் பாக்கல. ஐம்பது வருஷம் உறைக்குள்ளயே தூங்கியிருக்கு. போன மாசம் பெட்டியெல்லாம் பிரிச்சப்பதான் கையில ஆப்பிட்டுச்சு."

"பதினாறுன்னு ஏன் போட்டிருக்கான்?"

"அன்னிக்கு எடுத்தான், அன்னிக்குப் போட்டான். ஏம்மா, ஒண்ணு கழிக்க உனக்கா நான் சொல்லித் தரணும்?"

அவள் சிரித்தாள். அது அவளுடைய சட்டம். விளையாட்டுப் பிரிவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவாள். பேப்பர் தேதியில் ஒன்று கழி. இன்று நடப்பது நாளைய பேப்பரில் வரும். பழைய பேப்பரை வைத்துத் துணுக்கு எழுதுகிறவர்கள் பேப்பரின் தேதியையே ஆட்டத்தின் தேதியாகப் போட்டுவிடுவார்கள். ஒன்றாம் தேதி பேப்பராக இருந்தால் மாதமே தப்பாகிவிடும். சேர்ந்த முதல் வருஷத்தில் அப்படி நாற்பது துணுக்குகளைத் திருத்தினாள்.

அப்பாவின் துணுக்கில் மட்டும் அவள் எதையும் கழிக்கவில்லை. அதை அவள் பேப்பரைப் பார்த்து எழுதவில்லை. தாண்டியவரின் வாயிலிருந்தே கேட்டு எழுதினாள். அங்கே நின்றவர் சொல்லும் தேதியை யார் சரிபார்ப்பார்கள்?

"எதுக்கும் அந்த வருஷத் தொகுப்ப எடுங்கண்ணே."

பீரோ தடித்த தொகுப்பைத் தூக்கி வந்து மேஜையில் போட்டார். தூசி பறந்தது. பதினேழாம் தேதி, கடைசிப் பக்கம், கடைசிப் பத்தி. ஏழு வரி. "நேற்று மாலை நடைபெற்ற இறுதிப் போட்டியில்" என்று தொடங்கியது.

நேற்று மாலை.

அப்பாவின் வீட்டுக் கூடத்திலும் இந்தச் செய்தி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதில் நாலு வரிதான் உண்டு. மேல் மூன்று வரியை யாரோ கத்தரித்திருக்கிறார்கள். கத்தரித்த துண்டுக்குக் கீழே அப்பாவின் கையெழுத்தில் தேதி. பதினேழு.

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்றாள்.

"ஆகாம? உனக்கே தலை நரைச்சாச்சு" என்றார் பீரோ. நெகட்டிவை ஸ்கேனரில் வைத்துக் கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டாள். ஆனால் அது காரணம் இல்லை. அப்பா பதினேழு என்று சொல்லத் தொடங்கியது வயதான பிறகு இல்லை. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அதுதான். பதினேழாம் தேதியானால் அளவு டேப்பை எடுப்பார். வீட்டு வாசலில் ஒரு முனையை அவள் பிடிக்க வேண்டும். மறுமுனை சமையலறைக் குழாய்த் தொட்டி வரை போகும். வந்த விருந்தாளிகளையெல்லாம் அந்தத் தூரத்தை நடந்து பார்க்கச் சொல்வார். "நடக்கவே மூச்சு வாங்குது இல்ல? இதத்தான் ஐயா பறந்தாரு" என்பார். அத்தை ஒருத்தி மட்டும், "பறந்தது சரி, தொட்டியில விழுந்தியா?" என்று கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

பிறந்த நாளை மறப்பார்கள். கல்யாண நாளை மறப்பார்கள். ஆனால் இது மறதி இல்லை. மறந்தவர் ஒரு வருஷம் பதினைந்து என்பார், ஒரு வருஷம் இருபது என்பார். அப்பா ஒரு முறைகூடப் பிசகியதில்லை. பிசகாமல் தப்பான தேதியையே சொல்லியிருக்கிறார்.

இந்தத் தப்பு எப்படி வரும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. தாண்டியவனுக்கு அது பதினாறாம் தேதி. பேப்பரில் படித்தவனுக்குத்தான் பதினேழு.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் பெரியப்பா இந்த அலுவலகத்துக்கு வந்தார். அப்பாவின் ஒரே அண்ணன். பஸ் டிப்போவில் டயர் மாற்றும் வேலை. முன்பல் ஒன்று பாதிதான் இருக்கும். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து உடைந்தது. பிள்ளைகளுக்கு அவர் அரைப்பல் பெரியப்பா. அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டால், "பொறாமை. தம்பி ஜெயிச்சது அவனுக்குச் செரிக்கல" என்பார் அப்பா. அவள் கல்யாணத்துக்குக்கூட அவருக்குப் பத்திரிகை போகவில்லை.

வரவேற்பறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. வருஷா வருஷம் அந்தத் தாண்டின செய்தி போடறியே."

"ஆமா."

"அத ஒரு நாள் முன்னாடி போடறியா? அது பதினாறாம் தேதி நடந்தது."

"எங்கப்பாவுக்குத் தெரியாதா பெரியப்பா, என்னிக்குத் தாண்டினார்னு?"

அவர் தரையைப் பார்த்தார். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தேதி மட்டும்தாம்மா. வேற ஒண்ணும் மாத்த வேணாம்."

"பாக்கறேன்" என்றாள். பார்க்க மாட்டாள் என்று இருவருக்கும் தெரிந்தது. அவர் கதவருகே போகும்போது, அங்கே நின்ற பீரோவிடம், கொஞ்சம் உரக்கவே, "வாய்க்காலக்கூடச் சுத்திக்கிட்டுப் போறவரு, தாண்டினவருக்குத் தேதி சொல்ல வந்துட்டாரு" என்றாள். அது அவள் சொந்தச் சொல் இல்லை. அப்பா எல்லா விசேஷத்திலும் சொல்லும் வாய்க்கால் ஜோக். பெரியப்பா திரும்பவில்லை. கதவைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்தார். திறக்கவில்லை. காவலாளி வந்து தள்ளிவிட்டான்.

அன்று மாலை அப்பாவிடம் போனில் சொன்னாள். "அவன் கேட்டுக்கிட்டேதான் இருப்பான். நீ பதினேழே போடு" என்றார்.

"வந்துடுச்சு பாரு" என்றார் பீரோ.

திரையில் படம் மேலிருந்து கீழாக இறங்கியது. முதலில் வானம். பிறகு ஒரு கம்பத்தின் நுனி. பிறகு தலைமுடி, காற்றில் எழும்பியிருந்தது. பிறகு முகம்.

காற்றில் இருந்தான். இரண்டு கையும் மேலே. முழங்கால்கள் மார்புவரை மடங்கியிருந்தன. நெஞ்சில் எண் 44. வாய் ஆவென்று திறந்திருந்தது. மேல்வரிசை முன்பல்லில் பாதி இல்லை.

பீரோ திரையையும் அவளையும் பார்த்தார்.

"அப்பா சின்ன வயசுல இப்படியா இருந்தாரு? எமகாதகன்மா. என்ன உயரம் போயிருக்காரு பாரு."

"பிரிண்ட் போடுங்கண்ணே."

"பெரிசாவா?"

"பெரிசா."

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா எப்போதும் முன்னதாக வருகிறவர். வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் பதக்கத்தின் நாடா எட்டிப் பார்த்தது.

"என்னம்மா, பாதாளத்துல கூப்பிட்டு உக்கார வச்சிருக்க? மேல ஒரு நல்ல லைட்டு கிடையாதா?" பீரோவைப் பார்த்துக் கும்பிட்டார். "ஐயா, தலைக்குச் சாயம் அடிச்சது படத்துல தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன சார், ஏழு மீட்டர் தாண்டினவருக்கு எல்லாம் தகும்."

"ஏழு முப்பத்தொண்ணு" என்றார் அப்பா. "அந்த முப்பத்தொண்ண விட்டுடாதீங்க. அதுலதான் இருக்கு விஷயம்."

"பீரோ அண்ணே, அஞ்சு நிமிஷம்" என்றாள் அவள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி மேலே போனார்.

அவள் படத்தை மேஜையில் வைத்தாள். அப்பா கண்ணாடியைத் தேடினார். ஒரு பையில் இல்லை, மறு பையில் இருந்தது. போட்டுக்கொண்டு குனிந்தார். குனிந்தபடியே இருந்தார். மகனோ தம்பியோ உள்ள படத்தைப் பார்க்கிறவர்கள் முகத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவர் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது எங்க இருந்துச்சு?"

அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். யார் என்று கேட்கவில்லை.

"இங்கதான். ஒரு பெட்டியில."

"எல்லாம் தண்ணியில போயிடுச்சுன்னாங்களே?"

"யாரு சொன்னாங்க?"

"பழைய ஆளு. இவருக்கு முன்னாடி இருந்தவரு."

"எப்போ கேட்டீங்க?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளே சொன்னாள்.

"நான் வேலைக்குச் சேந்தப்பவா?"

"அதுக்கு முன்னாடி" என்றார். "நீ சேர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி."

இயந்திரம் அசைபோட்டது. வந்து பார்த்திருக்கிறார். படம் எதுவும் மிச்சம் இல்லை என்று தெரிந்துகொண்டு மகளை இங்கே வேலைக்கு அனுப்பியிருக்கிறார். முதல் வாரமே அந்தத் துணுக்கைச் சொல்லி எழுத வைத்தார். இரண்டே வரி, உன் கையால வரட்டும் என்றார். அவள் அழுதாள் அன்று, சந்தோஷத்தில்.

"நீங்க அங்க போகவே இல்ல."

"எப்படிப் போவேன்? ஒரே பேருல ரெண்டு பேரு நிக்க முடியுமா?" குரல் எரிச்சலாக வந்தது, கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போல. "வீட்ட விட்டு வெளிய வரல. மூணு நாள். அம்மா, அதான் உன் அப்பாயி, யாரு கேட்டாலும் ஊருல இல்லன்னா. அவன் பஸ்ஸு பிடிச்சு வர்றதுக்கு முன்னாடி பேப்பர் வந்துடுச்சு. பேப்பர்லதான் பாத்தேன். என் பேரு."

"நீங்களும் தாண்டுறவருதானே?"

"ஆறு அறுபது. அதுக்கு மேல ஒரு விரக்கட வராது எனக்கு. முதல்ல வந்தாதான் வேலை. அவனுக்கு அந்த வேலைக்கான வயசு நாலு மாசம் தாண்டிப்போச்சு. எப்படியும் அவனுக்குக் கிடைக்காது. அவன்தாம்மா சொன்னான். வேலையில நீ போய் உக்காரு, உன் பேருல நான் தாண்டறேன்னான். நான் கேக்கல."

"சரி. குடுத்தாரு. நீங்க வாங்கிக்கிட்டீங்க. பொறாமைன்னு ஏன் சொன்னீங்க?"

"சும்மா சொல்றதுதான்."

"வாய்க்கால் ஜோக்கு?"

அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை.

"ஒரு பள்ளிக்கூடத்துல அவனுக்குக் கோச் வேலை வர்றாப்ல இருந்துச்சு. நான் ஏழு மீட்டர் தாண்டுவேன்னு சொல்லியிருக்கான். அவங்க எங்கிட்ட வந்து விசாரிச்சாங்க. சாம்பியன்கிட்டக் கேட்டா சரியா இருக்கும்னு. நான் என்ன சொல்ல முடியும்? ஆமான்னா, எப்போ எங்கன்னு தோண்டுவாங்க. எங்க அண்ணனா, வாய்க்காலக்கூடச் சுத்திக்கிட்டுப் போவாரேன்னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. அங்கதான் ஆரம்பிச்சது அது."

அவளும் சிரித்திருக்கிறாள். எத்தனை விசேஷம், எத்தனை பந்தி. அந்தச் சிரிப்பு ஒரு மனிதனை டயர் கழற்ற அனுப்பியது என்று தெரியாமல் கை தட்டியிருக்கிறாள். கடைசியில் அவர் முதுகுக்குப் பின்னால் அவளே அதைச் சொன்னாள். அப்பா அவள் வாயில் வைத்து அனுப்பிய சொல், போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

"அவர் இங்க வந்து தேதிய மாத்தச் சொன்னாருன்னு உங்ககிட்டச் சொன்னேன். பதினேழே போடுன்னீங்க."

"மாத்தினா ஏன்னு யோசிப்ப. ஒண்ணு கழிக்கிற ஆளாச்சே நீ."

"அப்போ உங்களுக்குத் தெரியும். பதினாறுன்னு."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"அவன் ஊருலேருந்து வந்து சொன்ன நாள்லேருந்து. ஆனா அதுக்குள்ள நான் பேரு வந்த வரிய மட்டும் கத்தரிச்சுப் பேப்பர் தேதிய எழுதிட்டேன். எழுதினது எழுதினதுதான்னு விட்டேன். அப்புறம் பாரு, அதுவே பழகிடுச்சு. சில நாள் நெசமாவே எனக்கு ஞாபகம் வரும்மா. மணல்ல விழுந்தது, வாயில மண்ணு போனது எல்லாம்."

அவர் சொன்ன விதத்தில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பெரியப்பா நம்பர் இருக்கா உங்ககிட்ட?"

"எதுக்கு?"

"இருக்கா?"

"இருக்கு." போனை எடுக்கவில்லை. "நாளைக்கு விழாம்மா. இருநூறு பேரு வர்றாங்க. உங்கம்மா புடவை எடுத்திருக்கா. உங்கம்மாவுக்கு இது எதுவும் தெரியாது."

மேஜையில் போன் அடித்தது. மேலே இருந்து ஆசிரியர். அவள் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"காலண்டர், என்னம்மா பண்றே கீழ? பழைய படம் கிடைச்சிடுச்சுன்னு பீரோ டீக்கடையில தமுக்கு அடிச்சுக்கிட்டிருக்காரு. மூணு பத்தி அகலத்துக்கு இடம் விட்டுட்டேன். படத்தையும் துணுக்கையும் அனுப்பு. அப்பா வந்தாச்சா? வணக்கம் சொன்னேன்னு சொல்லு."

"வந்துட்டாரு சார்."

"பத்து நிமிஷம்."

போன் அணைந்தது. மேஜையில் அந்த இளைஞன் வாயைத் திறந்தபடி காற்றில் நின்றான். அவள் பீரோவின் கணினியைத் தன் பக்கம் திருப்பித் துணுக்கைத் திறந்தாள். இரண்டு வரியும் கீழே பெயரும் திரையில் இருந்தன. கர்சரைப் பெயரின் முன் வைத்தாள். விரல் விசையின் மேல் இருந்தது.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். புதுச் சட்டையின் கஞ்சி வாசம் அடித்தது.

"அவன் பேரு போடுன்னு கேக்கவே இல்லையேம்மா. தேதிதானே கேட்டான்?" என்றார் மெதுவாக. "அத அவனுக்குக் குடுத்துடு. அடுத்த வருஷத்துலேருந்து பதினாறுன்னே போடு. பேரு மட்டும் அப்படியே இருக்கட்டும்."